ஜென்கின்ஸ் பச்சை காட்டுகிறது, சேர்வரில் பழைய பதிப்பே ஓடுகிறது: எதைக் கண்காணிப்பது?

உப்புவெளி டெவ்

வணக்கம். உப்புவெளியில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கான அறை முன்பதிவு மென்பொருளை நாங்கள்தான் எழுதிப் பராமரிக்கிறோம். மென்பொருளைக் கட்டிச் சேர்வருக்கு அனுப்பும் வேலையைத் தானாகச் செய்யும் ஜென்கின்ஸ் அலுவலகக் கணினியில் இருக்கிறது. மென்பொருள் ஓடும் சேர்வர் சிங்கப்பூரில் ஒரு கிளவுட் மெஷின்.

சீசன் தொடங்குவதால் விலைகளை மாற்றி ஒரு பின்னேரம் டிப்ளோய் பண்ணினோம், அதாவது புதிய பதிப்பைச் சேர்வரில் ஏற்றினோம். ஜென்கின்ஸில் எல்லா ஸ்டேஜும் (படியும்) பச்சை. மறுநாள் காலை விடுதிக்காரர் ஒருவர் கோல் எடுத்து, தளத்தில் இன்னும் மாரிகால விலைதான் நிற்கிறது, ஆட்கள் அந்த விலைக்குப் பதிவும் செய்துவிட்டார்கள் என்றார். அந்த வித்தியாசக் காசு அவருடைய நட்டம். அதனால்தான் இதை அவசரமாகக் கேட்கிறேன்.

லோக்கைத் திறந்து பார்த்தால் நடுவில் ஒரு வரி: ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. அதற்குச் சற்றுக் கீழே ‘ஃபினிஷ்ட்: சக்சஸ்’. டிஸ்க்கில் இடம் எடுத்துக் கொடுத்து மறுபடி ஓட்டியதும் சரியாகிவிட்டது.

அளவுகளைச் சேகரிக்கும் ப்ரோமிதியஸும், அவற்றை கிராஃபாகக் காட்டும் கிரபானாவும் எங்களிடம் இருக்கின்றன. ஜென்கின்ஸின் ப்ரோமிதியஸ் பிளகின் வழியாக பில்ட் எண்ணிக்கை, எடுத்த நேரம், வெற்றி, தோல்வி எல்லாம் வருகின்றன. அன்றைக்கும் கிராஃபில் ஒரு குறையும் இல்லை. எதற்கு அலர்ட் வைத்தால் இது முதலிலேயே எங்களுக்குத் தெரிந்திருக்கும்?

உவர்மலையான்

தம்பி, அலர்ட்டைப் பிறகு பார்ப்போம். பைப்லைனே (ஜென்கின்ஸ் ஓட்டும் ஸ்டேஜ்களின் வரிசை) பொய் சொன்னால் அதிலிருந்து எடுக்கும் கிராஃபும் பொய்தான் சொல்லும். டிப்ளோய் ஸ்டேஜில் இருக்கும் ஷெல் வரியை அப்படியே போடுங்கள். அந்த ஸ்கிரிப்ட்டின் கடைசிச் சில வரிகளையும்.

உப்புவெளி டெவ்

ஸ்டேஜில் ஒரே வரிதான் அண்ணா: டிப்ளோய் ஸ்கிரிப்ட்டை ஓட்டி, அதன் வெளியீட்டை பைப் போட்டு ‘டீ’ கட்டளைக்குக் கொடுத்து ஒரு லோக் ஃபைலில் சேமிக்கிறது. ஸ்கிரிப்ட்டின் கடைசியில் புதிய இமேஜை (மென்பொருளின் பொதியை) இறக்க ‘டொக்கர் கம்போஸ் புல்’, அடுத்து அதைக் கன்டெய்னராக ஓட்ட ‘டொக்கர் கம்போஸ் அப் -டி’, அதற்குப் பிறகு ‘முடிந்தது’ என்று ஒரு எக்கோ. இமேஜுக்கு எப்போதும் ‘லேட்டஸ்ட்’ என்ற டேக் (பதிப்புப் பெயர்).

உவர்மலையான்

சரி, பிரச்சினை இங்கே மூன்று அடுக்காக இருக்கிறது.

முதலில் பைப். ஷெல்லில் பைப் போட்டு இணைத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட்தான் (0 என்றால் வெற்றி) முழு வரியின் முடிவாகக் கணக்கில் வரும். உங்கள் வரியில் கடைசியாக நிற்பது ‘டீ’. அது லோக்கை எழுதிவிட்டு 0 என்று திரும்பும். ஸ்கிரிப்ட் செத்தே போனாலும் ஜென்கின்ஸுக்குக் கிடைப்பது அந்த 0தான். இதற்கு, இணைத்த கட்டளைகளில் எது தோற்றாலும் முழு வரியையும் தோல்வியாக்கும் ‘பைப்ஃபெயில்’ வேண்டும். ஜென்கின்ஸ் தன் ஷெல் ஸ்டெப்பை இயல்பாக சிஸ்டத்தின் ‘எஸ்எச்’ கொண்டு ஓட்டும். உபுண்டுவில் அது பாஷ் அல்ல, டாஷ். அதனால் ஸ்டெப்பின் முதல் வரியிலேயே பாஷ் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். அப்படிக் குறிப்பிட்டதும் ஜென்கின்ஸ் தானாகப் போட்டுத் தரும் ‘-எக்ஸ்இ’ (கட்டளைகளைக் காட்டு, ஒன்று தோற்றால் நில்) போய்விடும். பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆகவே அடுத்த வரியில் ‘செட் -இயுஓ பைப்ஃபெயில்’ என்று நீங்களே எழுத வேண்டும்.

அடுத்தது ஸ்கிரிப்ட். அதற்குள்ளும் ‘செட் -இ’ இல்லாவிட்டால் மேலே செய்ததற்குப் பலன் இல்லை. புல் தோற்றாலும் அடுத்த வரிக்குப் போகும், கடைசி எக்கோ எப்போதும் வெற்றிதான்.

மூன்றாவது அந்த ‘லேட்டஸ்ட்’. இமேஜ் இறங்காதபோது ‘அப்’ கட்டளை மெஷினில் ஏற்கனவே கிடக்கும் பழைய இமேஜைப் பார்க்கும், மாற்றம் ஒன்றும் இல்லை என்று கன்டெய்னரை அப்படியே விட்டுவிட்டு 0 தரும். டேக்காக கொமிட் ஹாஷைப் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிய தனி அடையாளம்) போடுங்கள். அந்த டேக்கில் இமேஜ் மெஷினில் இல்லை, இறக்கவும் முடியவில்லை என்றால் ‘அப்’ அங்கேயே தோற்கும்.

சாம்பல்தீவுப் பிள்ளை

அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைப்லைன் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பாமல் சேர்வரிடமே கேளுங்கள். மென்பொருளில் ‘/வேர்ஷன்’ என்று ஒரு முகவரி வைத்து, அதில் கொமிட் ஹாஷ் வரச் செய்யுங்கள். இமேஜைக் கட்டும்போதே ஹாஷை உள்ளே பதித்துவிட வேண்டும், பிறகு சூழல் மாறியாகக் கொடுத்தால் அதுவும் ஏமாற்றும். டிப்ளோய் முடிந்ததும் கடைசி ஸ்டேஜ் வெளியிலிருந்து அந்த முகவரியை கேர்ல் கொண்டு எடுத்து, தான் அனுப்பிய ஹாஷோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் பொருந்தாவிட்டால் சிவப்பு.

கேர்லுக்கு ‘-எஃப்’ கட்டாயம். அது இல்லாவிட்டால் சேர்வர் 500 என்று பிழைப் பக்கம் தந்தாலும் கேர்ல் 0தான் திருப்பும்.

இதே ஹாஷை ஒரு மெட்ரிக்கின் லேபிளாகவும் வெளியிட்டால் எந்த நேரத்தில் எந்தப் பதிப்பு ஓடியது என்று கிரபானாவில் பார்க்கலாம். விடுதிக்காரர் கோல் எடுக்கும்போது ஊகிக்காமல் பதில் சொல்ல இது மிகவும் உதவும்.

டிஸ்க்குக்குத் தனி அலர்ட் வையுங்கள். நோட் எக்ஸ்போர்ட்டர் போட்டால் மிச்ச இடம் தெரியும். ‘ப்ரெடிக்ட் லீனியர்’ ஃபங்ஷன் இப்போதைய வேகத்தில் போனால் நீங்கள் குறிக்கும் நேரத்துக்குப் பிறகு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று கணக்கிடும், அது பூச்சியத்துக்குக் கீழே போனால் முன்கூட்டியே எச்சரிக்க வைக்கலாம். பழைய டொக்கர் இமேஜ்களை வாரம் ஒருமுறை ‘ப்ரூன்’ பண்ணும்போது (நீக்கும்போது) 168 மணி நேரத்துக்கு உட்பட்டவற்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

உப்புவெளி டெவ்

மிக்க நன்றி அண்ணா, அக்கா. ‘டீ’ மீது எனக்குச் சந்தேகமே வரவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். இரவில் ஒரு ஜொப் டேட்டாபேஸ் பெக்கப் எடுக்கிறது. கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கினால் ஜென்கின்ஸ் இருக்கும் கணினியே நின்றுவிடும், ப்ரோமிதியஸும் அதே கணினியில்தான். அப்போது தோல்வி என்று ஒன்றும் பதிவாகாது, அலர்ட்டும் வராது. நடக்காத ஒன்றை எப்படிக் கண்காணிப்பது?

உவர்மலையான்

நல்ல கேள்வி. காவல்காரனையும் அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போல இருக்கிறது இப்போதைய ஏற்பாடு. ப்ரோமிதியஸையும் அலர்ட் மெனேஜரையும் சிங்கப்பூர்ப் பக்கம் கொண்டுபோங்கள். மென்பொருள் ஓடும் மெஷினிலேயே வேண்டாம், பக்கத்தில் ஒரு சிறிய மெஷின் போதும்.

ஆனால் ப்ரோமிதியஸ் தானே போய் அளவுகளை எடுத்து வரும் வகை. உங்கள் அலுவலகம் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும், வெளியிலிருந்து நேரே தொட முடியாது. வயர்காட் மாதிரி ஒரு விபிஎன் போடலாம். பெக்கப் ஜொப்புக்கு மட்டும் என்றால், ஜொப் தானே அனுப்பும் அளவை ப்ரோமிதியஸுக்காக வாங்கி வைக்கும் புஷ்கேட்வே போதும்: ஜொப் வெற்றியாக முடிந்ததும் அந்த நேரத்தை யுனிக்ஸ் விநாடியில் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் விநாடி) அனுப்பிவிடும்.

இங்கே வடிவாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புஷ்கேட்வே கடைசியாக வந்த மதிப்பை நீங்கள் அழிக்கும் வரை காட்டிக்கொண்டே இருக்கும். ‘வெற்றி = 1’ என்று அனுப்பினால் ஜொப் ஒரு மாதம் ஓடாவிட்டாலும் 1 என்றே நிற்கும். அதனால்தான் நேரத்தை அனுப்பச் சொல்கிறேன். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் 93600 விநாடியைத் தாண்டுகிறதா என்று அலர்ட் வையுங்கள். அது 26 மணி நேரம், தினசரி ஜொப்புக்கு இரண்டு மணி நேரச் சலுகை.

கூடவே மதிப்பே இல்லாதபோது அடிக்கும் ‘ஆப்சென்ட்’ அலர்ட்டும் வேண்டும். சேமிப்பு ஃபைல் கொடுக்காமல் ஓடும் புஷ்கேட்வே ரீஸ்டார்ட் ஆனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். கழிப்பதற்கு மதிப்பே இல்லாதபோது அந்தக் கணக்கு வெறுமையாகத் திரும்பும், அலர்ட் அடிக்காது.

புஷ்கேட்வேயின் 9091 போர்ட்டை இணையத்தில் திறந்து விடாதீர்கள். முன்னால் கடவுச்சொல் வையுங்கள்.

சாம்பல்தீவுப் பிள்ளை

அந்தப் புது மெஷினும் நின்றால்? எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை ப்ரோமிதியஸில் வைத்து, அதை வெளியில் உள்ள ஹார்ட்பீட் சேவை ஒன்றுக்கு அனுப்புங்கள். அங்கே செய்தி வருவது நின்றால் அந்தச் சேவை உங்களுக்கு அறிவிக்கும்.

நேரத்தையும் பாருங்கள். கிளவுட் மெஷின் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நாங்கள் ஐந்தரை மணி நேரம் முன்னால். லோக்கில் 18:30 என்றால் இங்கே நள்ளிரவு. பெக்கப் நடந்த இரவைத் தேடும்போது தேதி குழம்பும்.

உப்புவெளி டெவ்

செய்து பார்த்தேன். டெஸ்ட் மெஷினில் பெரிய ஃபைல் ஒன்றைப் போட்டு டிஸ்க்கை வேண்டுமென்றே நிரப்பிவிட்டு டிப்ளோய் பண்ணினேன். புல் ஆகும் வரியிலேயே சிவப்பு. பிறகு இடம் எடுத்துக் கொடுத்து, பழைய ஹாஷோடு கன்டெய்னரை வைத்துச் சோதித்தேன், ஒப்பிடும் ஸ்டேஜும் பிடித்தது. பெக்கப் ஜொப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன், 26 மணி நேரம் கழிந்ததும் செய்தி வருகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா அலர்ட்டையும் எங்கள் குழுவின் எல்லோருடைய ஃபோனுக்கும் அனுப்பட்டுமா?

உவர்மலையான்

வேண்டாம் தம்பி. பில்ட் தோற்றால் கொமிட் பண்ணியவருக்கு மட்டும், அதுவும் மெயிலில். ஹாஷ் பொருந்தாதது, பெக்கப் இல்லாதது, டிஸ்க் நிரம்பப் போவது, இந்த மூன்றுக்கும் அன்றைய பொறுப்பாளரின் ஃபோன் அடிக்கட்டும். அலர்ட் செய்தியில் எந்த மெஷின், எந்த லோக், முதலில் ஓட்ட வேண்டிய கட்டளை எது என்று எழுதிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு எழும்புகிறவர் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.