‘கோஷிம்புன்’: சிற்றிதழா, சிறுதாளா?

அனைவருக்கும் வணக்கம். சப்பானிய நாளிதழ் வரலாற்றில் வரும் ‘கோஷிம்புன்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்ற உரையாடலில் நண்பர் முன்வைத்த ‘சிற்றிதழ்’ சொல்லுக்குச் சொல் சரியானதே; ‘கோ’ என்றால் சிறிய, ‘ஷிம்புன்’ என்றால் செய்தித்தாள். ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சிற்றிதழ் என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது, தேர்ந்த வாசகர் சிலரை நம்பிக் கைக்காசு செலவிட்டு நடத்தப்படும் இலக்கிய இதழ். 1870களின் கோஷிம்புனோ, சப்பானிய எழுத்துமுறையில் கலந்துள்ள சீன எழுத்துகளைத் தடையின்றிப் படிக்க இயலாத கடைக்காரர்களையும் கைவினைஞர்களையும் பெண்களையும் தேடிச் சென்றது.

அதன் எதிர்முனையில் இருந்த ‘ஓஷிம்புன்’ அகன்ற தாளில், சீனச் செவ்விலக்கிய நடை கலந்த மொழியில், அரசியல் தலையங்கங்களோடு வந்தது. பழைய சாமுராய்க் குடியினரும் அதிகாரிகளும் அதைப் படித்தனர். 1874இல் தோக்கியோவில் தொடங்கிய யோமியுரி ஷிம்புன் சிறிய தாளைத் தேர்ந்தெடுத்தது. சீன எழுத்துகளின் அருகிலேயே அவற்றின் ஒலிப்பைக் கானா எனும் சப்பானிய ஒலியெழுத்துகளில் பொடியாக அச்சிட்டது. பேச்சை ஒட்டிய நடையில் எழுதியது. 1868க்கு முந்தைய ‘எதோ’ (Edo) ஆட்சிக் காலத்தில் ஒற்றைத்தாள் செய்திகளைத் தெருவில் உரக்கப் படித்து விற்றவர்களுக்கு வழங்கிய பெயரே அந்த நாளிதழுக்கும் பெயராயிற்று. எழுத்தறியாதவரும் செவிவழியே செய்தி பெற்ற அந்த மரபை ஒரு பெயர் இன்றுவரை சுமந்து நிற்பது எனக்குப் பெருமதிப்பைத் தருகிறது.

ஆகவே ‘சிறுதாள்’, ‘பெருந்தாள்’ என்ற இணையை முன்மொழிகிறேன். மூலச்சொற்கள் தாளின் அளவிலிருந்து பிறந்தவை. செய்தித்தாள் என்ற நம் வழக்கும் அதற்கு இடந்தருகிறது. ‘வெகுசன நாளிதழ்’ என்றால் பிற்கால நாளிதழ்கள் அனைத்தும் அதற்குள் வந்துவிடும். ஒலிபெயர்த்தே எழுதலாம் என்பாரும் உண்டு. ஆனால் ‘கோ’ என்றால் தமிழில் அரசன், எளியோர் படித்த தாளுக்கு அது பொருந்தாது.

இந்த இணையில் இன்னொரு பயனும் உண்டு. 1879இல் ஒசாக்காவில் சிறுதாளாகவே பிறந்த அசாகி நாளிதழ் காலப்போக்கில் அரசியலையும் விரிவாக எழுதியது; 1880களின் பிற்பாதியில் பெருந்தாள்களும் நடையை எளிதாக்கின. இரண்டும் நெருங்கி உருவான வகையைச் சப்பானியர் ‘சூஷிம்புன்’ என்கின்றனர். அதனை ‘நடுத்தாள்’ எனலாம். சிற்றிதழ் என்று தொடங்கியிருந்தால் இந்த மூன்றாவது சொல்லுக்கு ‘நடுவிதழ்’ என்று இடறியிருப்போம்.

‘சிறுதாள்’ என்றால் டேப்ளாய்டு எனும் சிறிய வடிவ நாளிதழோடு குழப்பம் வருமே என்று கேட்டிருந்தீர்கள். அது அகன்ற தாளில் ஏறத்தாழப் பாதியளவு என்பதால், ‘அரைத்தாள்’ என்பதை அதற்கு ஒதுக்கலாம்.