பாங்காக்: மாலை நெரிசலில் அம்மாவோடு விமான நிலையம் போக வழி?

நாளை இரவு 10:30க்கு சுவர்ணபூமியிலிருந்து சென்னை விமானம். தங்கியிருப்பது சனாம் சாய் மெட்ரோ பக்கம். பகலில் வாட் போ கோயிலில் 46 மீட்டர் சயன புத்தர், அப்புறம் தா தியென் துறையில் படகேறி எதிர்க்கரை வாட் அருண். அதுவரை குழப்பமில்லை, பெட்டியை விடுதியிலேயே வைத்துக்கொள்வார்கள்.

சிக்கல் 5 மணிக்கு மேல்தான். டாக்சியில் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டதற்கு வரவேற்பில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினார். ஆப்பிலோ பார்க்கும்போதெல்லாம் ஒரு கணக்கு. மெட்ரோவில் பெட்சபுரி போய், மக்கசானில் விமான நிலைய ரயிலுக்கு மாறலாம். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறவே முடியாது. 28 அங்குலப் பெட்டி வேறு, அதில் ஒரு சக்கரம் ஆடுகிறது.

பெட்சபுரியிலிருந்து மக்கசான் நடைமேடை வரை படி ஏறாமல் லிஃப்டிலேயே போக முடியுமா?