கொலுசுப் பட்டறைக்கு ஃப்ளட்டரில் செயலி எழுதினோம், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நாங்கள் இரண்டே பேர். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, செவ்வாய்பேட்டை, சிவதாபுரம் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்குச் செயலி செய்து தருகிறோம். வேலை கேட்க எளிதாக இருக்கும். முதலாளி எடை போட்டு வெள்ளி கொடுப்பார், வேலைக்காரர் கொலுசாகத் திருப்பிக் கொண்டு வருவார். நடுவில் டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி, பழைய பாக்கி எல்லாம் உண்டு. ஒரு கிராம் இடித்தாலும் சண்டைதான்.

2021 வரை கோட்லின் மொழியில் ஆண்ட்ராய்டுக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்தோம். அப்புறம் முதலாளிகளின் பிள்ளைகள் கடையில் உட்கார ஆரம்பித்தார்கள், அவர்களில் பலர் கையில் ஐஃபோன். இரண்டு பேர் சேர்ந்து கோட்லினில் ஒன்று, ஐஃபோனுக்கு ஸ்விஃப்டில் ஒன்று என்று ஒரே கணக்கை இரண்டு தடவை எழுத முடியாது. எழுதினாலும் ஒன்றில் சேதாரக் கணக்கைத் திருத்திவிட்டு இன்னொன்றில் மறந்துவிடுவோம் என்ற பயம் இருந்தது. ஒரே நிரலை ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் ஓட வைக்கிற ஃப்ளட்டரின் 2-ஆம் பதிப்பு அந்த வருடம் மார்ச்சில் வந்திருந்தது, அதை எழுதும் டார்ட் மொழியில் நல் சேஃப்டியும் (மதிப்பு இல்லாத இடங்களால் வரும் பிழையை முன்கூட்டியே பிடிக்கும் வசதி) வந்திருந்தது. சரி என்று இறங்கினோம்.

திரைகள் எழுதிய வேகத்தை இன்னும் மறக்கவில்லை. மாற்றியது உடனே திரையில் தெரியும் ஹாட் ரீலோட் வசதி இருப்பதால் பட்டறையிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு, "இந்தக் கட்டம் மேலே வரட்டும் தம்பி" என்று அவர் சொல்லச் சொல்ல மாற்றிக் காட்டினேன். தமிழ் வார்த்தை நீளம் என்பதால் "சேதாரம் கழித்த நிகர எடை" மாதிரி தலைப்புகள் கட்டத்தை விட்டு வெளியே போய், இடம் போதவில்லை என்று ஃப்ளட்டர் காட்டும் மஞ்சள் கறுப்புப் பட்டை அடிக்கடி தலைகாட்டியது. அதெல்லாம் ஒரு நாள் வேலை.

ஒரு பிழையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், தமிழில் செயலி எழுதுகிற எல்லோருக்கும் வரும். வேலைக்காரர் பட்டியலில் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்தில் காட்டினோம். பழனிக்கு "ப" சரியாக வந்தது. செல்வத்துக்கு "ச" என்று வந்தது, முருகனுக்கு "ம". காரணம், டார்ட் "செ"யை ச தனி, கொம்பு தனி என்று இரண்டாக எண்ணுகிறது, முதல் ஒன்றை எடுத்தால் உயிர்மெய் உடைந்துவிடும். நீளமான பெயரை எட்டு எழுத்தில் வெட்டிய இடத்தில் மெய்யின் புள்ளியே காணாமல் போனது. கேரக்டர்ஸ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பைப் போட்டு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ணச் சொன்ன பிறகு சரியானது. தன் பெயரைத் தப்பாகக் காட்டுகிற செயலியில் தன் கூலிக் கணக்கு மட்டும் சரியாக இருக்கும் என்று ஒரு மனிதர் எப்படி நம்புவார்? அந்த ஒரு வாரமும் எனக்கு இதுதான் மனதை அரித்தது.

பெரிய இடி அச்சில்தான் வந்தது. பட்டறைகளில் இருப்பது 58 மில்லிமீட்டர் புளூடூத் தெர்மல் பிரிண்டர். அதற்கு ஆங்கில எழுத்தை அனுப்பினால் அடிக்கும், தமிழை அனுப்பினால் கேள்விக்குறியும் குப்பையுமாக வரும், அதன் உள்ளே தமிழ் எழுத்துருவே கிடையாது. அதனால் ரசீது முழுவதையும் செயலிக்குள் படமாக வரைந்து, 384 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கி வரி வரியாக அனுப்பினோம். ஃப்ளட்டர் தன் திரையைத் தானே வரைகிற சட்டகம் (ஃப்ரேம்வொர்க்) என்பதால் இந்த வரைகிற வேலை சுலபமாக முடிந்தது. ஆனால் ஐஃபோனில் அந்த பிரிண்டர் இணையவே இல்லை. பழைய வகை புளூடூத் சீரியல் இணைப்பை ஐஃபோன் சாதாரணச் செயலிக்குத் தராது, ஆப்பிளின் எம்எஃப்ஐ சான்று பெற்ற கருவியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரிண்டர் பிஎல்இ (குறைந்த மின்சக்தி புளூடூத்) வகையாக இருக்க வேண்டும். தராசும் அப்படித்தான், ஆண்ட்ராய்டில் ஓடிஜி கேபிள் போட்டு எடையை நேராக வாங்கினோம், ஐஃபோனில் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஐந்து மாதம் திரைகளை அழகாக எழுதி முடித்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தோம். முதல் வாரமே ஒரு வெற்றுத் திரையை வைத்து பிரிண்டரையும் தராசையும் சோதித்திருந்தால், ஐஃபோன் பதிப்பில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று வாடிக்கையாளரிடம் அன்றைக்கே சொல்லியிருப்போம். அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினதுதான் வலித்தது.

இருந்தும் ஃப்ளட்டரை விடவில்லை. கணக்கு ஒரே இடத்தில் இருக்கிறது என்ற நிம்மதி எனக்குப் பெரிது. மற்றவர்கள் எதை எடுத்தீர்கள், எங்கே இடித்தது, எழுதுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, நாங்கள் எடுத்தது ரியாக்ட் நேட்டிவ், அதுவும் இரண்டு வகைப் போனுக்கும் ஒரே நிரல், ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதுவது. ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கெனவே தெரியும், வலைத்தளமும் ரியாக்ட்டில் இருந்தது, அதனால் வேறு யோசிக்கவில்லை. காப்பித் தோட்டங்களில் பழம் பறிப்பவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி, அந்த எடையைச் சாயங்காலம் மேஸ்திரி போனில் பதிவார். நாகலூர் தாண்டினால் பல சரிவுகளில் சிக்னலே கிடையாது. அதனால் எல்லாமே முதலில் போனில் உள்ள எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதப்பட்டு, ஊருக்குள் வந்த பிறகு சர்வருக்குப் போகும்.

முதல் சீசனில் நாங்கள் செய்த தப்பு, பதிவு எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று என்று போனே போட்டுக்கொள்ள விட்டது. இரண்டு மேஸ்திரிகளும் சிக்னல் இல்லாமல் 41 வரை எழுதி வந்து இணைத்தபோது ஒருவர் எடை இன்னொருவர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பறித்த அம்மாக்களின் கூலி அது. இரவு முழுக்க நோட்டுப் புத்தகத்தை வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் யூயூஐடி (எந்தப் போனில் போட்டாலும் மோதாத தனி அடையாளம்) போட்டோம், எடையைத் தசமத்தில் வைக்காமல் கிராமாக முழு எண்ணில் வைத்தோம். இந்தத் தப்பை எந்தச் சட்டகத்திலும் செய்திருப்போம், ரியாக்ட் நேட்டிவ் மேல் பழி இல்லை.

ரியாக்ட் நேட்டிவுக்கென்று குறை சொன்னால் அது வேகம். மேஸ்திரிகளிடம் இருந்தவை 2 ஜிபி ராம் போன்கள், செயலி திறக்கவே நேரம் எடுத்தது. ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஹெர்மிஸ் எஞ்சினுக்கு மாறிய பிறகுதான் மூச்சு வந்தது, இப்போது ரியாக்ட் நேட்டிவ் 0.70 பதிப்புக்குப் பிறகு அதுவே இயல்பாக வருகிறது. நல்ல பக்கமும் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பகுதியை மட்டும் சின்னதாக அனுப்பிப் புதுப்பிக்கலாம், முழுச் செயலியையும் மறுபடி இறக்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒவ்வொரு போனையும் கையில் வாங்கிப் புதுப்பித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சங்ககிரியிலிருந்து:

நான் எதிர்ப்பக்கம். லாரிகளுக்கு இருப்பிடம் காட்டும் செயலி, டிரைவர் போனைச் சட்டைப் பையில் போட்டபடி ராத்திரி முழுக்க ஓட வேண்டும். ஃப்ளட்டரில்தான் ஆரம்பித்தேன். திரை அணைந்ததும் பல போன்களில் பேட்டரி சேமிப்பு வந்து பின்னணி வேலையைக் கொன்றுவிடுகிறது. அதற்கு எடுத்த பிளகின் (ஃப்ளட்டரில் சேர்க்கும் துணை நிரல்) தனி ஆள் ஒருவர் எழுதியது, அவர் பாதியில் விட்டுவிட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது, இலவசமாகக் கொடுத்தவர். நானே கோட்லினில் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (அறிவிப்பைக் காட்டியபடி தொடர்ந்து ஓடும் பகுதி) எழுதினேன், பிறகு அனுமதி கேட்கும் திரை, பிறகு மறுதொடக்கத்தில் தானாக எழுவது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் கோட்லின்தான், ஃப்ளட்டர் நாலு திரைக்காக மட்டும் நிற்கிறது. எடுத்துவிட்டேன். என் வாடிக்கையாளர்களின் டிரைவர்கள் அத்தனை பேரிடமும் ஆண்ட்ராய்டு, ஐஃபோனுக்காக நான் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

முதலாளிகளுக்கு மட்டும் ஐஃபோன் தேவைப்பட்டபோது கோட்லின் நிரலை ஐஃபோனிலும் பகிர விடும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் பக்கம் போனேன். 2023 நவம்பரில் அது நிலையானதாக அறிவிக்கப்பட்டது. வாடகைக் கணக்கு, டீசல் கணக்கு மட்டும் பொது, திரை அந்தந்தப் போனுக்குத் தனி. வேலை கூடுதல்தான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு "வண்டி எங்கே" என்று போன் வருவது நின்றது.

அம்மாபேட்டையிலிருந்து:

சுருக்கமாக. கைத்தறிச் சேலை இருப்புக் கணக்கு, மைக்ரோசாஃப்ட்டின் ஸாமரின் சட்டகத்தில் எழுதியது, நன்றாக ஓடியது. 2024 மே 1-ஓடு அதற்கான ஆதரவு முடியும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், ஓடுகிற வண்டியை ஏன் கழற்ற வேண்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். பிளே ஸ்டோர் வருடா வருடம் புது ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைக்கச் சொல்கிறது, அதற்கு மேல் புதுப்பிப்பு போட வழியில்லாமல் நின்றேன். அதன் வாரிசான டாட்நெட் மாயிக்கு மாற்ற மூன்று மாதம் ஆனது. கணக்கு எழுதிய பகுதி அப்படியே வந்தது, திரைகள்தான் திரும்ப எழுதவேண்டி வந்தது. எதை எடுத்தாலும் கணக்கைத் திரையோடு கலக்காதீர்கள், என்னைக் காப்பாற்றியது அது ஒன்றுதான். அஸ்தம்பட்டித் தம்பி, ஐஃபோனுக்குக் கடைசியில் எந்த பிரிண்டர் வைத்தீர்கள்?

மறுபடி அஸ்தம்பட்டியிலிருந்து:

ஐயா, பிஎல்இ இருக்கிற பிரிண்டர். வாங்கும்போது பெட்டியில் புளூடூத் என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள், கடையிலேயே ஐஃபோனில் இணைத்து ஒரு வரி அடித்துப் பார்த்து வாங்குங்கள். பிஎல்இயில் படத்தை ஒரே மூச்சில் அனுப்பினால் பாதி ரசீதோடு நின்றுவிடுகிறது, சின்னச் சின்னத் துண்டாக, இடையில் கொஞ்சம் இடைவெளி விட்டு அனுப்பினால் முழுதாக வருகிறது. இடைவெளி எவ்வளவு என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறுகிறது, அதனால் அதை அமைப்புகளில் மாற்றும்படி வைத்துவிட்டோம்.

சங்ககிரி அண்ணா சொன்னது எங்கள் தராசுக்கும் பொருந்தும், அந்தப் பகுதியை நாங்களும் கோட்லினில்தான் எழுதி ஃப்ளட்டரோடு சேனல் (இரண்டு பகுதிகளும் தகவல் பரிமாறும் வழி) மூலம் இணைத்திருக்கிறோம். 200 வரிக்குள் இருப்பதால் தாங்குகிறது. உங்கள் மாதிரி பாதியைத் தாண்டினால் நானும் எடுத்துவிடுவேன். ஏற்காட்டுத் தம்பி, உங்கள் யூயூஐடி விஷயத்தை இன்று காலையில் என் கூட்டாளியிடம் காட்டினேன். எங்கள் ரசீது எண் இன்னும் ஒன்று, இரண்டு என்றுதான் ஓடுகிறது, இரண்டு போன் வைத்திருக்கிற பட்டறை எங்களிடம் மூன்று இருக்கிறது. மதியமே உட்கார்ந்து மாற்றப் போகிறோம்.