பிளவுகள் துண்டுதுண்டாகச் சேர்ந்து நீள்கின்றனவா, தொடக்கத்திலேயே நீளம் முடிவாகிவிடுகிறதா?

கடலோரவாசி (வெள்ளவத்தை)
2012 ஏப்ரல் 11 அன்று சுனாமி எச்சரிக்கை வந்ததும் கடற்கரைப் பக்கத்துச் சனம் காலி வீதியைத் தாண்டி ஓடியது பலருக்கு நினைவிருக்கும். சுமாத்திராவுக்கு மேற்கே, இங்கிருந்து சுமார் 1,500 கிலோமீற்றர் தள்ளி, 8.6 அளவில் வந்த நிலநடுக்கம் அது. குறைந்தது நான்கு பிளவுகள், அதாவது பாறை உடைந்து இரு பக்கமும் நகரும் தளங்கள், அடுத்தடுத்து உடைந்தன. பாறை பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் பெரிதாக எழும்பவில்லை.

பிளவுகள் எப்படி வளர்கின்றன என்று அன்றிலிருந்து தேடி வாசிக்கிறேன். நீளமான பிளவு எதுவும் நீளமாகப் பிறப்பதில்லை என்பதே என் முடிவு. சிறு துண்டுகள் தனித்தனியே தோன்றி நுனியில் நீள்கின்றன. இரண்டு துண்டுகளின் நுனிகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும் இடத்தில் நடுப்பாறை வளைந்து சரிவாகிறது. அந்தச் சரிவு குறுக்கே உடைந்ததும் இரண்டும் ஒரே பிளவு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கேன்யன்லாண்ட்ஸில் இப்படிப்பட்ட சரிவுகளில் நடந்தே போகலாம்.

கருங்கல் (கொட்டாஞ்சேனை)
நீங்கள் இரண்டு விடயங்களைக் கலக்கிறீர்கள். ஒரு நிலநடுக்கம் சில நிமிடங்களில் பல பிளவுகளை உடைத்துக்கொண்டு ஓடலாம். பிளவுகள் வளர்ந்து இணைவதோ இலட்சக்கணக்கான ஆண்டு வேலை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிறுவ முடியாது.

வளர்ச்சிக்குச் சாட்சி வண்டலில் இருக்கிறது. பிளவு நகர நகர அதன் தாழ்ந்த பக்கத்தில் வண்டல் தடிப்பாகப் படியும். ஒரு காலத்துப் படை எதுவரை தடித்திருக்கிறது என்று பார்த்தால், அந்தக் காலத்தில் பிளவின் நீளம் தெரிந்துவிடும். கடலடியை அதிர்வலைகளால் படமெடுத்த பல இடங்களில், மிகப் பழைய படையே ஏறக்குறைய முழு நீளத்துக்கும் தடித்திருக்கிறது. 2002 இல் வால்ஷ், நிக்கல், சைல்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைத்தான் சொன்னார்கள்: நீளம் சீக்கிரமே வந்துவிடும், பெயர்ச்சி (இரு பக்கப் பாறையும் விலகி நகர்ந்த தூரம்) அப்புறம் கூடிக்கொண்டே போகும். மேலே பிரிந்து தெரிகிற துண்டுகள் ஆழத்தில் ஒரே தளமாக இருப்பதும் உண்டு.

கடலோரவாசி
பழைய பிளவு மறுபடி அசைந்த இடமென்றால் நீளம் சீக்கிரம் வரத்தான் செய்யும். புதுப் பாறையில்? பிளவு நெடுகப் பெயர்ச்சியை அளந்து வரைந்தால் பல இடங்களில் இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் வருகிறது. தனித்தனியாக வளர்ந்து சேராவிட்டால் அந்தப் பள்ளம் எங்கிருந்து வந்தது?

கருங்கல்
இரண்டு துண்டுகளின் பெயர்ச்சியோடு நடுச்சரிவின் வளைவையும் கூட்டிப் பாருங்கள். பல இடங்களில் பள்ளம் மறைந்து, ஒரே பிளவின் வளைகோடு வந்துவிடும். தொடக்கத்திலிருந்தே அவை ஒரு குடும்பமாக அசைந்தவை.

புதியவள் (தெஹிவளை)
கருங்கல் அண்ணா, நுனிகள் தாண்டியதும் நீளாமல் நின்றுவிடும் என்கிறார்களே, ஏன்?

கருங்கல்
தங்கச்சி, ஒரு பிளவு நகர்ந்தால் அதன் நுனிக்கு முன்னால் தகைப்பு (பாறையை அழுத்தி இழுக்கும் விசை) ஏறும், இரு பக்கமும் இறங்கும். பக்கத்துத் துண்டின் நுனி அந்த இறங்கிய பகுதிக்குள் வந்ததும் அதைத் தள்ள விசை போதாது. நீளம் நிற்கிறது, பெயர்ச்சி மட்டும் கூடுகிறது. நுனிக்கருகே பெயர்ச்சி சட்டென்று குறைவதும் இதனால்தான்.

கடலோரவாசி
சரி, இதே விளக்கம் என் பக்கத்துக்கும் பொருந்துகிறது! துண்டுகள் முதலில் தனியாக இருந்தால்தானே ஒன்று மற்றதைத் தடுக்க முடியும்? 2019 இல் வந்த, நம் இரண்டு பக்கக் கருத்தையும் சேர்த்த ஒரு கலப்பு மாதிரியில், பிளவின் வாழ்நாளில் முதல் 20 முதல் 30 சதவீதத்துக்குள் நீளம் முடிவாகிறது. அந்த முதற்கட்டத்தில் நடப்பது துண்டுகள் நீண்டு சேர்வதுதான்.

கருங்கல்
மீதி 70 சதவீதக் காலமும் நீளம் அசையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லைகள் நிலைத்து நிற்கும் என்பதற்கு யூட்டாவின் வசாட்ச் பிளவு இருக்கிறது. அதன் நடுப்பகுதித் துண்டுகள் ஐந்தும் பெரும்பாலும் தனித்தனியாகவே பெரிய நிலநடுக்கங்களைத் தந்திருக்கின்றன. பக்கவாட்டுப் பிளவுகளிலும் நிலநடுக்கம் 3, 4 கிலோமீற்றர் இடைவெளியைத் தாண்டும், 5ஐத் தாண்டுவது அரிது.

கடலோரவாசி
வசாட்சை மட்டும் பார்த்தால் எப்படி? 1992 இல் கலிபோர்னியாவின் லாண்டர்ஸில் வரைபடத்தில் வேறுவேறு பெயரோடு கிடந்த ஐந்து பிளவுகள் ஒரே மூச்சில் உடைந்து 7.3 ஆனது. 2016 இல் நியூசிலாந்தின் கைக்கோராவில் ஒரு டசினுக்கும் மேல், அளவு 7.8. வளர்ச்சி எந்த வழியில் நடந்திருந்தாலும் சரி, துண்டுக்குத் துண்டு கோடு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக உச்ச அளவு போட்டு, அதை நம்பிக் கட்டடம் எழுப்பச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இடைவெளி எவ்வளவு, நடுச்சரிவு உடைந்துவிட்டதா, ஆழத்தில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.