ஸ்டார் சிட்டிசன்: 2024இல் எழுதியதற்கு ஒரு புதுப்பிப்பு

2024 குறுவை நடவு சமயத்தில், “2012இல் அறிவித்த ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டு இன்னும் ஆல்பாவிலேயே (முடிக்கப்படாத சோதனைப் பதிப்பிலேயே) நிற்கிறது, காசு போடாதீர்கள்” என்று எழுதியிருந்தேன். அதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

அந்த டிசம்பரில் 4.0 பதிப்பு வந்தது. அதுவரை ஸ்டான்டன் என்ற ஒரே நட்சத்திர மண்டலம்தான்; 4.0இல் பைரோ என்ற இன்னொன்றும் சேர்ந்தது. ஒரே உலகத்தைப் பல சர்வர்கள் பங்கு போட்டுச் சுமக்கின்றன, கல்லணையில் தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு என்று பிரித்து விடுகிற மாதிரி. 100 பேர் இருந்த இடத்தில் 4.0 வந்தபோது 500 பேர் வரை.

மண்டலம் தாண்டும் சுழலுக்குள் கப்பலைப் பிடித்து ஓட்டும்போது உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஆனால் எனக்குப் பிடித்தது சரக்கு வேலை. பெட்டிகளை ஒவ்வொன்றாக டிராக்டர் பீமில் (பொருளைத் தொடாமலே இழுத்துத் தூக்கும் கதிரில்) தூக்கி, திருப்பி, இடுக்கில்லாமல் அடுக்க வேண்டும். நெல் மூட்டை அடுக்குகிற பொறுமை வேண்டும். கடைசிப் பெட்டியை வைத்தேன், மன்னார்குடியில் கரண்ட் போனது. அதற்கு விளையாட்டு என்ன செய்யும்!

ஆல்பாதான், இன்னமும். கணினியில் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) இல்லாமல் தொடவே வேண்டாம். வருடத்தில் சில முறை இலவசமாக விளையாட விடுகிறார்கள். அப்போது ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் பர்ஸைத் திறவுங்கள்.