இயற்பியல் படித்தவர் ஒளிச்சேர்க்கை ஆய்வுக்குப் போகலாமா?

கேள்வி:
இயற்பியலில் முதுகலை முடிக்கப் போகிறேன். ஒளிச்சேர்க்கையிலும், செடி தண்ணீரைச் செலவழிக்கும் விதத்திலும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஆனால் தாவரவியல் பள்ளியோடு சரி. இனி அந்தப் பக்கம் திரும்ப முடியுமா? அன்றாட வேலை எப்படி இருக்கும்?

பதில் 1:
தாராளமாக வாருங்கள். பதினெட்டு வருடமாக இதில்தான் இருக்கிறேன். இத்துறையின் பெரிய பெயர்களில் ஒருவரான ஆஸ்திரேலியாவின் கிரஹாம் ஃபார்குவர், இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டுத்தான் இலைகளிடம் வந்தார். அவர் 1980-இல் இருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஒளிச்சேர்க்கைச் சமன்பாடுகள் இல்லாமல் எனக்கு ஒரு வாரம்கூட ஓடாது.

இலைத்துளை திறந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். அதே வழியாக நீராவி வெளியே போகும். நெல், கோதுமை போன்ற பயிர்களில் ஒரு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் சில நூறு நீர் மூலக்கூறுகள் போய்விடும். எங்கள் பிழைப்பே இந்த வரவு செலவைப் பார்ப்பதுதான்.

காலையிலேயே வயலுக்குப் போய், இந்த இரண்டு வாயுக்களையும் அளக்கும் கருவியின் சிறு அறைக்குள் இலையைக் கவ்வவிட்டு, எண் நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பல செடிகள் துளைகளை மூடிக்கொள்ளும். முதல் வருடம் கருவி காற்றை இழுக்கும் குழாய்ப் பக்கமே நின்று அளந்தேன். மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைப் போல் நூறு மடங்கு. இரண்டு வார அளவுகளைத் தூக்கிப்போட்டேன், அழுகையே வந்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இதனால் உழவருக்கு ஏதாவது கிடைத்திருக்கிறதா?

பதில் 1:
கிடைத்திருக்கிறது. இலைக்குள் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதிக்கு, கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13 அவ்வளவாகப் பிடிக்காது. துளையை இறுக்கி வைக்கும் செடியில் உள்ளே கார்பன் டை ஆக்சைடு இருப்பு குறைவதால் அதையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆக, காய்ந்த இலையை அரைத்து அதில் கார்பன்-13 இருக்கும் விகிதத்தை அளந்தால், செடி இத்தனை நாளும் தண்ணீரை எவ்வளவு சிக்கனமாகச் செலவிட்டது என்று தெரிந்துவிடும். இப்படித் தேர்ந்தெடுத்து வளர்த்த ட்ரைஸ்டேல் என்ற கோதுமை 2002-இல் ஆஸ்திரேலிய வயல்களுக்கு வந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நிறையும்.

பதில் 2:
பயிர்ப் பெருக்கத்தில் இருப்பவன் நான். ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். துளையை மூடி நீரை மிச்சம் பிடிக்கும் செடி பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். மழை நன்றாகப் பெய்யும் இடத்தில் அந்தச் சிக்கனமே விளைச்சலைக் குறைக்கும். அதனால் முனைவர் பட்டத்துக்குப் பதியும் முன் ஒரு பருவமாவது வயலில் அளந்து பாருங்கள். அப்புறம் புள்ளியியலை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.