கணினி மாறினால் ஆற்றல் கணக்கு மாறலாமா?

காட்பாடி ஆய்வு மாணவர்:
பூமியின் காலநிலையைக் கணக்கிடும் நிரலான காலநிலை மாதிரி ஒன்றை எங்கள் கல்லூரியின் சிறிய கணினித் தொகுப்பிலும், பிறகு வெளியூரிலுள்ள மீத்திறன் கணினி ஒன்றிலும் ஒரே தொடக்க நிலையிலிருந்து ஓட்டினோம். சில வாரங்களிலேயே இரண்டிலும் வானிலை வெவ்வேறாகிவிட்டது. அதில் வியப்பில்லை, 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கி இட்டதனால் 1961-இல் வானிலை அறிவியலாளர் லோரன்சின் கணிப்பு வேறு வழியில் போனதை அனைவரும் அறிவோம். ஆனால் ஆற்றல் அழியாது என்ற விதி வானிலையைப் போல அலைபாய்வதில்லை. வளிமண்டல உச்சியில் உள்ளே வந்த கதிர்வீச்சிலிருந்து வெளியேறியதைக் கழித்தால் கிடைப்பது, கடலிலும் நிலத்திலும் பனியிலும் காற்றிலும் சேர்ந்த வெப்பத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இரு கணினிகளிலும் இந்தக் கணக்கு நேரானால் மாதிரி பழுதின்றி இடம் மாறிவிட்டது என்று கொள்ளலாம் என்பது என் நிலை.

ஆற்காடு ஆசிரியர்:
தம்பி, நீங்கள் சொல்லும் சோதனை தேவையானது. ஆனால் அது மட்டும் போதாது. பாலாறு அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு வந்த நீர், மதகு வழியாகப் போனது, கலங்கலில் வழிந்தது எல்லாவற்றையும் எழுதிவிட்டு, மிச்சம் இடிக்கும் அளவை ‘ஆவியானது’ என்று ஒருவர் எழுதிக்கொண்டே வந்தால், அந்தப் புத்தகம் என்றைக்கும் நேராகவே இருக்கும். பல வளிமண்டல மாதிரிகளில் இதைத்தான் செய்கிறார்கள். காற்றோட்டச் சமன்பாடுகளைக் கட்டங்களாக வெட்டித் தீர்க்கும்போது சிறிது ஆற்றல் கசிகிறது. அந்தக் குறையை, மாதிரி முன்னேறும் ஒவ்வொரு சிறு காலப்படியிலும் கணக்கிட்டு, உலகம் முழுவதும் ஒரே அளவான வெப்பமாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஆகவே புதிய கணினியில், நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் எங்கோ தவறு செய்து கசிவு இரட்டித்தாலும் இறுதிக் கணக்கு நேராகவே தெரியும். கணக்கு நேரானதா என்று கேட்பதைவிட, அதை நேராக்க எவ்வளவு சேர்க்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள்.

ஆரணி மென்பொருளாளர்:
இரு கணினிகளிலும் கடைசி இலக்கம் வரை ஒரே விடை வர வேண்டும் என்று வற்புறுத்தினால் இந்த விவாதத்துக்கே இடமிருக்காது. விடை மாறினால் பிழை என்று கொள்வதே தூய்மையான வழி.

ஆற்காடு ஆசிரியர்:
கம்பைலரும் பிராசசரும் மாறும் இடத்தில் அது நடைமுறைக்கு ஒவ்வாது, ஐயா. கணினி எண்களைக் கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கம் மாறும். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்யும் பிராசசர் இரண்டு முறைக்குப் பதிலாக ஒரு முறைதான் இலக்கங்களைச் சுருக்குகிறது. இவை பிழைகள் அல்ல. இதனால்தான் அமெரிக்காவின் சமூகப் புவி அமைப்பு மாதிரி (CESM) என்ற காலநிலை மாதிரியை உருவாக்குவோர் தொடக்க வெப்பநிலையை மிக நுண்ணிய அளவில் மாற்றி ஓராண்டு நீளமுள்ள 151 ஓட்டங்கள் ஓட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட மாறிகளின் உலகச் சராசரிகள் இயல்பாக எவ்வளவு சிதறுகின்றன என்று அளந்து வைத்தார்கள். புதிய கணினியின் விடை அந்தச் சிதறலுக்குள் அடங்குகிறதா என்பதே அவர்களுடைய கேள்வி.

இராணிப்பேட்டை வாசகர்:
பொறியாளன் என்ற முறையில் ஒரு கணக்கை முன்வைக்கிறேன். சதுர மீட்டருக்கு 0.1 வாட் கசிவு என்பது, சராசரியாக வந்து சேரும் சூரிய ஆற்றலான 340 வாட்டின் முன் அற்பமாகத் தோன்றும். ஆனால் அது 1000 ஆண்டு ஓட்டத்தில் கடல் முழுவதையும் அடிவரை ஏறத்தாழ 0.3 டிகிரி சூடாக்கப் போதுமானது. இன்னொன்று, கிராபிக்ஸ் பிராசசர்களில் வேகத்துக்காக, எண்ணில் ஏறத்தாழ 7 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒற்றைத் துல்லியத்துக்கு இறங்குகிறார்கள். 275 கெல்வினை ஒற்றைத் துல்லியத்தில் எழுதினால் அடுத்த எண்ணுக்கு உள்ள இடைவெளி சுமார் 0.00003 டிகிரி. நூற்றாண்டுக்கு 0.3 டிகிரி சூடாகும் ஆழ்கடலில் ஒரு மணி நேரத்தின் பங்கு அந்த இடைவெளியில் நூறில் ஒன்றுதான். அதைக் கூட்டினாலும் எண் அசையாது, வெப்பம் எங்கும் பதிவாகாமலே மறைந்துவிடும். ஒரு ஆண்டுச் சோதனையில் இது வெளிப்படுமா என்பது எனக்கு ஐயமே.

காட்பாடி ஆய்வு மாணவர்:
ஈடுகட்டும் திருத்தத்தைப் பற்றி ஆசிரியர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் இறுதித் தொகையை மட்டுமே பார்த்திருந்தேன். ஆனால் சிதறல் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மழை என்பது உலகச் சராசரியில் சதுர மீட்டருக்குச் சுமார் 80 வாட் உள்ளுறை வெப்பம், அதாவது நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம். இந்த வெப்பத்தை மாதிரியின் வளிமண்டலப் பகுதி ஒரு கிலோ நீருக்கு 25,01,000 ஜூல் என்றும், கடற்பகுதி 25,00,000 ஜூல் என்றும் எழுதியிருந்தால், 0.03 வாட் இடைவெளியில் தொலைகிறது. இந்தப் பிழை எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே கணினிகளை எத்தனை முறை ஒப்பிட்டாலும் பிடிபடாது, ஆற்றல் கணக்கு ஒன்றே அதைக் காட்டும். அந்தச் சோதனையை நான் கைவிட மாட்டேன்.

ஆற்காடு ஆசிரியர்:
கைவிடச் சொல்லவில்லை, தம்பி. ஒவ்வொரு காலப்படியிலும் ஈடுகட்டிய வெப்பத்தைத் தனிப் பத்தியாக எழுத வைத்து, வளிமண்டலம், கடல், நிலம், பனி ஆகியவற்றின் எல்லையில் கைமாறும் வெப்பத்தை இரு பக்கமும் தனித்தனியே குறித்து, இரு கணினிகளிலும் 30 ஆண்டுகள் ஓட்டுங்கள்.

காட்பாடி ஆய்வு மாணவர்:
எங்கள் தொகுப்பில் 30 ஆண்டு ஓட்ட மாதக்கணக்கில் ஆகும், அம்மா. முதல் 5 ஆண்டுகளின் ஈடுகட்டல் எண்களை இரு கணினிகளிலிருந்தும் எடுத்து இங்கே இடுகிறேன்.